ட்ரக்டருக்கு முன்னால் வந்த சைக்கிள்

இங்கே நோர்வேயில், அம்மருட்டில் நான் பராமரிக்கும் ஒரு முதியவருக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது சரோ அக்காவின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, அவர் போயிட்டார்" என்றார். அதற்குமேல் அவரால் கதைக்க முடியவில்லை. அவருடைய கணவர் நடேசலிங்கம் அண்ணை விடியப்புறம் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். கையில் கரண்டியோடு யன்னலைப் பார்த்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனி பனி கொட்டும்போது எங்கள் நடைபாதைச் சரிவில் யார் நிற்பார்கள் என்ற பயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

வெஸ்ட்லியில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் உங்களுக்கு அவர் 'சைக்கிளாலை ஸ்னோ தள்ளுற மனுசன்'. தபால் கொண்டுபோன பழைய மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்றை வாங்கி, முன்னுக்கு ஒரு தகட்டைச் சாய்வாகப் பொருத்தி, ஆணி வைத்த ரயர் போட்டிருந்தார். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய நடைபாதைகளை ரயில் நிலையம்வரை அதில் மிதித்தபடியே வழித்துக்கொண்டு போவார். பொடிப்பனியைத் தகடு ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். ஈரப்பனி என்றால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். முணுமுணுத்துக்கொண்டு இறங்கிக் கையால் அள்ளுவார். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. "அண்ணை, ஸ்னோ தள்ளுற ட்ரக்டர் வரும்தானே, ஏன் இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது வரும். அதாலைதான் நான் முதல் வாறன்" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

சில வருடங்களுக்கு முன், பள்ளிக்கூடங்களின் குளிர்கால விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நாலு மணியிருக்கும். வேலை முடிந்து நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். நடைபாதை வாகனத் தரிப்பிடத்தை ஒட்டித் திரும்பும் இடத்தில் கால் வழுக்கிச் சரிவில் உருண்டேன். கீழே விழுந்ததும் கணுக்காலில் ஏதோ முறிந்தது தெரிந்தது. கைத்தொலைபேசி எங்கோ பனிக்குள் போய்விட்டது. பனி அடர்ந்து கொட்டியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் தரிப்பிடத்தைத் துப்புரவாக்க ட்ரக்டர் வந்தது. செம்மஞ்சள் விளக்கு சுழல்வது மட்டும் தெரிந்தது. தள்ளுகிற பனியையெல்லாம் அது நான் கிடந்த ஓரத்திலேயே கொண்டுவந்து குவித்தது. முதல் குவியல் என் கால்களை மூடியது. கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ட்ரக்டர் பின்னுக்குப் போய்த் திரும்ப வந்தது. இரண்டாவது குவியல் நெஞ்சுவரை வந்தது. முகத்துக்கு முன்னால் கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். கடவுள் நினைவுக்கு வரவில்லை. அடுப்படியில் ஊறப்போட்ட உளுந்துதான் நினைவுக்கு வந்தது.

பிறகு அது தரிப்பிடத்தின் மறுபக்கம் போனது. இன்னொரு முறை வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் மேலே பாதையில் சைக்கிள் சங்கிலி கறகறப்பது கேட்டது.

"அண்ணை!"

சத்தம் சட்டென்று நின்றது. "ஆர் அது? எங்கை நிக்கிறீர்?"

"இஞ்சை, கீழை! ட்ரக்டர் வரப்போகுது!"

அவர் என்னிடம் வரவில்லை. சைக்கிளைச் சரிவில் இறக்கி, தரிப்பிடத்துக்குள் மிதித்துக்கொண்டு போனார். வெளிச்சம் திரும்பியபோது, ட்ரக்டருக்கும் எனக்கும் நடுவே சைக்கிளைக் குறுக்கே விட்டு, இருக்கையிலிருந்து எழும்பி நின்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தார். ட்ரக்டரின் தகடு அவருடைய முன்சில்லில் முட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அண்ணை வெறுங்கையால் தோண்டி என்னை இழுத்தெடுத்தார். "தனியவோ வந்தனீர்? கூட ஆரும் வந்தவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கேட்கவில்லை; திரும்பிப் போய் அந்தக் குவியலை மீண்டும் தோண்டத் தொடங்கினார். அம்புலன்ஸ் வரும்வரை தோண்டினார். "அண்ணை, ஒருத்தருமில்லை, விடுங்கோ" என்று நான் அழுதேன். அவர் கை நிற்கவில்லை. அன்றைக்கு எனக்கு ட்ரக்டரைவிட அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள், காலில் மாவுக்கட்டோடு நான் வீட்டில் இருந்தபோது, அவரும் சரோ அக்காவும் கோழிச் சூப்போடு வந்தார்கள். அப்போதுதான் சொன்னார். பல வருடங்களுக்கு முன் அவரே ட்ரக்டர் ஓட்டியவர். லோறென்ஸ்கூக்கில் ஒரு வீட்டுத் தொகுதியில் பனி தள்ளிக்கொண்டு ட்ரக்டரைப் பின்னுக்கு எடுத்தபோது ஏதோ நொருங்கியது கேட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்டிக் பலகையில் பாதி கிடந்திருக்கிறது. மற்றப் பாதியும் பிள்ளையும் குவியலுக்குள் இருப்பதாக நினைத்து, நகம் கிழியத் தோண்டியிருக்கிறார். கடைசியில் ஒரு வீட்டிலிருந்து தாய் வெளியே வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாளாம். பிள்ளை அவளுக்குப் பின்னால் கையுறையைக் கடித்துக்கொண்டு நின்றது. பலகையை முதல் நாளே வெளியில் விட்டுவிட்டு வந்திருக்கிறது.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்" என்றார் அண்ணை. "எனக்கு நடந்தது, தங்கச்சி."

மறுநாளே ட்ரக்டர்த் திறப்பைத் திருப்பிக் கொடுத்து, அந்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலைக்குப் போயிருக்கிறார். சைக்கிள் அதற்குப் பிறகு வந்தது. "மிதிச்சால் காது திறந்திருக்கும். நிப்பாட்ட நினைச்ச இடத்திலை நிக்கும்."

"இப்ப பயம் போயிட்டுதோ?" என்று கேட்டேன்.

"எங்கை போறது?" என்று சரோ அக்கா முந்திக்கொண்டார். "ஸ்னோ கொட்டினால் இவர் படுக்கமாட்டார். யன்னலடியிலைதான்." அண்ணை சூப்புக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

இந்தக் குளிர்காலத்தில் இதயம் பழுதாகி, மிதிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இறப்பதற்கு நாலு நாள் முன்னர் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "வெளியிலை கொட்டுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பொய். ஸ்னோ கொட்டினால்தான் றோட்டுச் சத்தம் இப்பிடி அடங்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "ட்ரக்டர் அங்காலை ஸ்னோ தள்ளாமல், அந்தச் சரிவடியிலை அடையாளத்துக்கு ஒரு கம்பு நட்டுவிடச் சொல்லும்" என்றார். குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் நடவில்லை.

அவருடைய சைக்கிளை யார் எடுப்பார்களோ தெரியாது. என் கணுக்கால் அதற்கு உதவாது. வேலையிடத்தில், முதியவர்களின் வீடுகளுக்குப் போக நான் ஓட்டுவது சத்தமில்லாத ஒரு மின்சாரக் கார். இப்போது அதை எடுக்க முன் சுற்றி வருகிறேன். குனிந்து கீழே பார்க்கிறேன். முன்னும் பின்னும் கிடக்கும் பனியைக் காலால் கிளறுகிறேன். அவர் செத்த பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பயம். போன கிழமை கூட வேலைக்கு வந்த நோர்வேஜியப் பெண் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, மறுபக்கத்தையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.