மலையேறும் பிரியாணி பாஷா

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் பாதி தூரம் ஏறியதும் சாந்த் பாஷா நின்றுவிடுவார். இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த படி. காலையில் ஆடு ஓட்டிப் போகிற கலியபெருமாள், "இன்னா பாய், கோட்டைய புடிக்கப் போறியா?" என்று கிண்டல் செய்வான். "ஆமாடா, பீரங்கி தூக்க ஆளில்ல, நீயும் வா" என்பார்.

செஞ்சியில் கல்யாணம் என்றால் பிரியாணிக்கு இவர்தான். அரிசி ஒரு கொதி கூடினால் போதும், கரண்டி பறக்கும். கத்துகிற கத்தல் அவலூர்பேட்டைக்குக் கேட்கும். அண்ணன் ஜகபர் அலிக்கும் இதே அடுப்பு, இதே கோபம், இதே நெய். நாற்பத்துமூன்று வயதில் பிரியாணி வேகும் தேக்சாவுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. 1965-இல் தம்பிக்கும் நாற்பத்துமூன்று வயது ஆயிற்று. பயம் வராமல் என்ன செய்யும், பாவம்!

டாக்டர் தாண்டவராயன் ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொழுப்பு ஏகத்துக்கு இருக்குது பாய். கோபப்பட்டா உடம்புல ஒரு சுரப்பு எகிறும், நெஞ்சு தாங்காது. நித்தம் மலை ஏறு, ரெண்டும் அடங்கும். ஆறு மாசம் கழிச்சு பாண்டிக்குப் போய் மறுபடி டெஸ்ட்டுக்கு ரத்தம் குடு. சாப்பிடாம போகணும்."

மழை வெயில் பார்க்காமல் ஏறினார். கத்தல் குறைந்தது. ருசி பார்க்கிற கறியைத் துப்பவும் பழகினார்.

சாப்பிடாமல் இருப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது நோன்புதான். ரத்தம் கொடுக்கும் நாளன்று விடியுமுன் எழுந்து, மனைவி ஹுசைன் பீ வைத்த நெய்ச்சோற்றையும் ஆட்டுக்கறியையும் நோன்பு தொடங்குமுன் சஹர் செய்வதுபோல வயிறு முட்டச் சாப்பிட்டார். அப்புறம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். எடுத்த ரத்தம் குழாயில் தெளிந்தபோது மேலே கொழுப்பு பால்போல வெளுத்து நின்றது.

"ஏறுனதெல்லாம் வீணாப் போச்சு புள்ள. அண்ணன் வழிதான் எனக்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். மூன்று நாள் மலைப்பக்கமே போகவில்லை. நான்காம் நாள் கல்யாண வீட்டில் மறுபடி கரண்டி பறந்தது.

ஹுசைன் பீதான் டாக்டரிடம் ஓடினாள். விடியற்காலைச் சாப்பாட்டைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "விடியக்காலம் தின்ன நெய்தாம்மா ரத்தத்துல வெளுத்து நின்னுது. ராத்திரிச் சாப்பாட்டோட நிறுத்தணும்மா! காலையில தண்ணி மட்டும்தான்."

இரண்டு வாரம் விடாமல் ஏறவைத்து, மறுபடி பாண்டிக்குக் கிளப்பினாள். அன்று விடியுமுன் பழக்க தோஷத்தில் அவர் கை தட்டுக்குப் போயிற்று. அவள் தட்டைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். அவர் திரும்பி வரும்வரை தானும் சாப்பிடவில்லை.

புதுச் சீட்டைப் பார்த்த டாக்டர், "நல்லாவே கொறஞ்சிருக்குது. ஏறுறத மட்டும் விட்டுடாத" என்றார்.

சாந்த் பாஷா அங்கிருந்து நேரே, அண்ணனை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்கு நடந்தார். அண்ணனின் கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, எனக்குக் கொறஞ்சிடுச்சாம்" என்றார். அழுதார். பிறகு, நாடி பார்க்கிற அந்த இரண்டு விரலையும் மண்மேல் வைத்து, எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.