ஜெலிந்தோ உட்கார்ந்தால் ஒரு விரல்

ஜெலிந்தோ புசேத்தோ தன் வாழ்நாளில் பார்த்த வேலைகள் இரண்டு. இரண்டுமே உட்கார்ந்து பார்க்கிற வேலை. முதல் வேலையில், முப்பத்தோரு வருஷம் ஓர் அருங்காட்சியகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு ஓவியத்தைக் காவல் காத்தார். நடுவில் ஒருநாள் அந்த ஓவியத்தைச் சுத்தம் செய்ய எடுத்துப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. எடுத்துப் போனவர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நாற்காலியை அகற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால், கடைசிப் பதினோரு வருஷம் அவர் வெறும் சுவரைக் காவல் காத்தார். சுவர் பத்திரமாக இருக்கிறதா என்று ஒயின் கடையில் அவரைச் சீண்டுவோம். இதுவரை ஒருத்தனும் கை வைக்கவில்லை என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இரண்டாவது வேலை என் படகில்.

நான் நெரேயோ. வெனிஸ் விமான நிலையத்துப் படகுத்துறையில் ஆட்களை ஏற்றி, காயலைத் தாண்டி, கால்வாய் கால்வாயாக நுழைந்து, ஓட்டல் வாசல்படியிலேயே இறக்கிவிடுவேன். தனிப் படகு. வேறு யாரும் ஏற மாட்டார்கள், உங்கள் கால் நனையாது, உங்கள் பெட்டியை நீங்கள் உருட்ட வேண்டாம் என்பதுதான் எங்கள் பேச்சு. பெட்டி உருளுகிற சத்தம் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும் என்பது வேறு விஷயம்.

நான் வழக்கமாகப் போகிற ஓட்டலுக்கு முன்னால் ஒரு பாலம் இருக்கிறது. குட்டைப் பாலம் என்போம். சாதாரண நாளில் அதன் அடியில் என் படகின் கூரை நுழைந்துவிடும். இலையுதிர் காலத்தில் நீர் ஏறினால் நுழையாது. பெரிய ஏற்றம் என்றால் கடல் வாயிலில் கதவுகளைத் தூக்கி ஊரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். நடுத்தர ஏற்றத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த மாதிரி நாட்களில் எனக்கும் பாலத்துக்கும் நடுவே தகராறு ஒரே ஒரு விரற்கடைதான். ஆனால் அந்த ஒரு விரற்கடையில் இருப்பது என் கூரை. நல்ல மகோகனி மரம். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏழு பூச்சு வார்னிஷ் அடிக்கிறேன். வீட்டுக்கதவுக்கு ஒரு பூச்சு அடித்தது கிடையாது, அதை என் மனைவி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

எட்டுப் பெட்டியோடு ஒரு குடும்பம் ஏறினால் படகு தானாகவே அமுங்கும், கவலை இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்தான் தொல்லை. ஆளுக்கு ஐம்பது கிலோ இருப்பார்கள், ஒரு கைப்பை கொண்டுவருவார்கள். படகு தக்கை மாதிரி மேலே நிற்கும். அப்படி ஒரு ஜோடியோடு பாலத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டு முழித்தபோதுதான், கரையில் ஜெலிந்தோ நடந்து போவதைப் பார்த்தேன். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. நூற்று முப்பத்திரண்டு கிலோ.

"அண்ணே, கொஞ்சம் வந்து இப்படி உட்காருங்க" என்றேன்.

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. உட்காரச் சொன்னால் உட்காருவது அவர் தொழில் அல்லவா. ஏறி, நடு இருக்கையில் உட்கார்ந்து, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். படகு ஒரு விரல் இறங்கியது. சத்தமில்லாமல் பாலத்தைத் தாண்டிவிட்டோம்.

அன்றிலிருந்து நீர் ஏறுகிற நாளெல்லாம் அவர் வீட்டுப் படியில் அவரை ஏற்றிக்கொண்டுதான் விமான நிலையத்துக்கே போவேன். பாலத்தருகே வந்து ஏற்றினால் பயணிகள் சண்டைக்கு வருவார்கள், தனிப் படகு என்றாயே, இது யார் என்று. முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தால் படகோடு வந்த சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியும் சிலர் கேட்டார்கள். ஒருவரிடம் என் மாமா என்றேன், இன்னொருவரிடம் ஏதோ காப்பீட்டு விதி என்றேன். இந்தப் பொய்யெல்லாம் ஜெலிந்தோவுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் தன் பழைய அருங்காட்சியகச் சீருடையில் வந்து நின்றார். கருநீலக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். அதற்கப்புறம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இன்டர்நெட்டில் எழுத ஆரம்பித்தார்கள். நகரத்தின் அதிகாரி ஒருவர் எங்களை வரவேற்க வந்தார், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, மிகவும் கௌரவமாக இருந்தது என்று ஒருவர். அவர் தலையசைத்ததும் என் மனைவி அழுதுவிட்டாள் என்று இன்னொருவர். பிறகு முன்பதிவு செய்யும்போதே, சீருடைக்காரர் வருவாரா என்று கேட்டார்கள். நீர் ஏறாத நாளிலும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. துறையில் எனக்குப் போட்டியான தானிலோ வயிறெரிந்து, தன் மச்சானுக்கு பாண்டு வாத்தியக்காரன் தொப்பி ஒன்றை மாட்டிக் கூட்டிவந்தான். மச்சானுக்கு எடை தொண்ணூறு, வாயோ ஓயாது. ஒரு வாரத்தில் பயணிகளே அவனைப் பாதி வழியில் இறக்கிவிடச் சொன்னார்கள்.

கூலி என்று ஜெலிந்தோ எதுவும் வாங்கியதில்லை. பயணிகள் இறங்கிப் படகு மேலே வந்துவிட்டால், நீர் வடிகிறவரை நாங்கள் திரும்ப முடியாது. அந்த நேரத்தில் ஓட்டல் சமையலறையில் உட்கார்ந்து, அரைத்த கருவாட்டைத் தடவிய சோளக்களித் துண்டுகளை வரிசையாக உள்ளே தள்ளுவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டில் அவரோடு பேச யாரும் இல்லை. அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாவது வருஷம் அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, கூரை உரசியது. பெரிய சத்தமில்லை, ஒரு கிறீச். எனக்குப் பல்லெல்லாம் கூசியது. நகரசபை நீர்மட்டத்தைத் தப்பாக அறிவிக்கிறது என்று திட்டினேன். அடுத்த வாரமும் உரசியதும் பாலமே இறங்குகிறது என்று முடிவு செய்து, அளவுகோல் எடுத்துப்போய் அளந்தேன். பாலம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆள் மெலிகிறார் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. கண்ணெதிரே கோட்டு தொளதொளவென்று தொங்குகிறது, நான் பாலத்தை அளந்துகொண்டிருக்கிறேன்.

கூடவே இன்னொரு தலைவலி. பயணிகளுக்கு என்று வைக்கிற தண்ணீர் பாட்டில்கள் அவர்கள் ஏறுவதற்கு முன்பே காலியாகின. ஆறு பாட்டிலையும் ஜெலிந்தோ குடித்துவிடுவார். குடித்தால் சும்மா இருக்குமா. காயலின் நடுவில் படகை நிறுத்தச் சொல்வார். பின்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, கல்லறைத் தீவைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்பார். பயணிகள் அதை ஏதோ சடங்கு என்று நினைத்து, எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஜெலிந்தோ பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பி, அவர்களுக்கு மரியாதையாகத் தலையசைத்து உட்காருவார். கால்மணி நேரம் கழித்து மறுபடியும் சடங்கு.

மூன்றாவது முறை கூரை உரசியபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பயணிகள் இறங்கியதும், ஓட்டல் சமையலறையில் வேலைக்காரர்கள் காதுபடவே கத்தினேன்.

"உங்களுக்குப் பதிலா ரெண்டு மூட்டை சிமெண்ட் வாங்கிப் போட்டுக்கறேன். அது தண்ணியும் குடிக்காது, வழியில நிறுத்தவும் சொல்லாது."

அவர் கையிலிருந்த களித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் கூரை உரசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஜெலிந்தோ உட்கார்ந்ததும் படகு பழையபடி ஒரு விரல் இறங்கியது. ஆனால் உட்காரும்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சாக்கில் கட்டிய ஆணிகளைக் கீழே வைக்கிற மாதிரி. ஒருநாள் படியேறக் கை கொடுத்தபோது கோட்டுப்பை என் விரலில் இடித்தது. உள்ளே வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள். பையில் மட்டுமா, கோட்டின் உள்துணியில் தைத்திருந்தார், இடுப்பில் பட்டையாகக் கட்டியிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் ஐந்து வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. படகு பாலத்தடியில் போகிறது, வார்னிஷ் பளபளவென்று இருக்கிறது, எனக்கு அது போதுமாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

நவம்பர் கடைசியில் ஹோவ்லாந்து என்று ஒரு நார்வேக்காரத் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் எழுபது வயதிருக்கும். சீருடைக்காரரைக் கேட்டே பதிவு செய்திருந்தார்கள். காலை பத்து மணி, நீர் ஏறிக்கொண்டிருந்தது. பாதிக் காயலைத் தாண்டியிருப்போம், ஜெலிந்தோ நிறுத்தச் சொல்லவே இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது. திரும்பிப் பார்த்தேன். அவர் தலை அந்த அம்மாள் தோளில் சாய்ந்திருந்தது. இதுவும் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அந்த அம்மாள் முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கணவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. கிட்டே போனால் அழுகின பழ வாசனை.

காயலில் இவ்வளவு வேகம்தான் போகலாம் என்று சட்டம் இருக்கிறது. அதை அன்று நான் பார்க்கவில்லை. அலை இரண்டு பக்கமும் எழும்பியது. நேராக ஆஸ்பத்திரிப் படித்துறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் முகப்பு முழுக்கப் பளிங்கு, சிங்கம் செதுக்கியது, அரண்மனை தோற்றுப்போகும். ஹோவ்லாந்து தம்பதி தங்கள் ஓட்டல் வந்துவிட்டது என்று மனம் குளிர்ந்து இறங்கினார்கள். பெட்டியைத் தாங்களே உருட்டிக்கொண்டு உள்ளே போய், வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டை நீட்டினார்கள். அங்கிருந்தவர் அவர்களுக்கு எண் எழுதிய சீட்டு கொடுத்து உட்காரச் சொன்னார். அறை தயாராகவில்லை போலிருக்கிறது என்று இருவரும் இருமுகிறவர்களுக்கு நடுவில் அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

தூக்குக்கட்டிலைத் தள்ளிய இரண்டு ஆட்களும் மூச்சு வாங்கினார்கள். உள்ளே ஒரு நர்ஸ், இளம் பெண், விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை மெஷினுக்கே அடங்கவில்லை என்றாள். கட்டிலோடு சேர்த்து எடை மேடையில் ஏற்றினார்கள். எடையை வைத்துத்தான் மருந்து என்றாள். கோட்டைக் கழற்றப் போனபோது ஜெலிந்தோவுக்கு நினைவு வந்தது. இரண்டு கையாலும் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கட்டிலின் எடை போக, திரையில் நூற்று முப்பத்தொன்று என்று வந்தது. வழக்கமாக எவ்வளவு இருப்பார் என்று நர்ஸ் கேட்டாள்.

"நூத்தி முப்பத்திரண்டு" என்றார் ஜெலிந்தோ, நாக்கு குழற. "ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு." என்னைப் பார்த்தார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். மருந்தை எடுக்கத் திரும்பினாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அது அவர் எடை இல்லம்மா. பையைப் பாருங்க."

"நெரேயோ, வேணாம்டா."

"மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்லி, நானே கையை விட்டு எடுத்தேன். இரும்புத் தட்டில் ஒவ்வொரு குண்டாக விழுந்தது. இடது பை, வலது பை. நர்ஸ் கத்தரியை எடுத்து உள்துணியை வெட்டினாள். இடுப்புப் பட்டையை இருவருமாக அவிழ்த்தோம். திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நூற்று இருபது. நூற்றுப் பதின்மூன்று. காலுறைக்குள்ளும் வைத்திருந்தார். நூற்று ஆறில் நின்றது. இருபத்தைந்து கிலோ ஈயத்தைச் சுமந்துகொண்டு இந்த மனிதர் தினமும் என் படகில் ஏறி இறங்கியிருக்கிறார்.

நர்ஸ் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நான் தகுதியானவன்தான்.

ஊசி ஏறியது, புட்டி தொங்கியது. ஜெலிந்தோ கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தப்போ கூட நாலு பேர் எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. வீட்டுல உட்கார்ந்தா யாருமே பார்க்கறதில்லடா. உன் படகுல உட்கார்ந்தாத்தான் ஏதோ ஒண்ணு நடக்குது."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து, நீர் இன்னும் ஏறுகிறதா என்று கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்து, ஏறுகிறது என்றேன்.

"அப்போ நீ கிளம்பு. அந்த நார்வேக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இப்போ விட்டா பாலத்தடியில போக முடியாது."

"போக வேணாம்ணே" என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.