வீடு முழுக்கக் குடிக்க வேண்டிய மருந்து

படுக்கப் போகுமுன் அம்மா என் இரண்டு கைகளிலும் துணிப் பைகளை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடுவார். பழைய தலையணை உறையை வெட்டித் தைத்த பைகள். நித்திரையில் நான் சொறிந்துவிடக் கூடாது என்பதற்காக. எனக்குக் கீரிப்பூச்சி, குடலில் வரும் நூல் போன்ற புழு. விளக்கை அணைத்ததும் பின்புறத்தில் அரிப்புத் தொடங்கும். சொறிய விரல் இருக்காது. பாயில் புரண்டு அழுவேன். "சத்தம் போடாதை ராசாத்தி, அங்காலை பெரியப்பா படுத்திருக்கிறார்" என்று அம்மா என் வாயைப் பொத்துவார்.

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையில் இருந்த அந்த வீடு பெரியப்பாவுடையது. வெள்ளைக்காரரின் ஆட்சி முடியப்போகிற காலம். அப்பாவுக்குக் கந்தோரில் எழுத்து வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் பின்னறை எங்களுக்கு, முழு வீட்டுக்கும் சமைப்பது அம்மாவுக்கு. என் பூச்சி வருத்தம் தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா தன் மகளை என்னோடு சேர விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் பின்னறையைத் தாண்டக் கூடாது. "துப்புரவில்லாத ஆக்களுக்குத்தான் பூச்சி வரும்" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லுவார். அம்மா என் நகங்களை ஒட்ட வெட்டுவார், விடிந்ததும் கழுவிக் குளிக்க வார்ப்பார், விரிப்புகளைக் கொதிநீரில் அவிப்பார். டொக்டர் தந்த ஊதா நிறக் குளிசையை விழுங்கினால் அரிப்பு நிற்கும். சில கிழமைகளில் மறுபடி தொடங்கும்.

அப்படித் திரும்பவும் போனபோதுதான் டொக்டர், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "முழு வீடும் ஒண்டா மருந்து குடிக்க வேணும், அம்மா. இல்லாட்டி ஒருத்தரிட்ட இருந்து மற்றவருக்கு வந்துகொண்டுதான் இருக்கும். சிலருக்குக் கடிக்கிறதே தெரியாது." எல்லோருக்கும் குளிசை வாங்கிக்கொண்டு வந்தோம். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, உன்ர மனுசிக்குச் சொல்லு. எங்களுக்கு அந்தச் சீத்துவக்கேடு இல்லை." அப்பா குளிசைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

மறுநாள் காலை அடுப்பு எரியவில்லை. அம்மா என்னோடு பின்னறையில் இருந்தார். தேத்தண்ணி எங்கே என்று பெரியம்மா வாசலுக்கு வந்தார்.

"அக்கா, துப்புரவில்லாதவள் சமைச்சு நீங்கள் சாப்பிடக் கூடாது. பூச்சி முட்டை கையால சாப்பாட்டுக்குப் போகுமாம், டொக்டர் சொன்னவர்." அம்மாவின் குரல் உயரவில்லை.

அப்பா கெஞ்சினார். "வெளியில போகச் சொன்னா எங்கை போறது?"

"போக இடமில்லை எண்டு எனக்கும் தெரியும். அதுக்காகப் பிள்ளையின்ர கையை எத்தினை நாளைக்குக் கட்டி வைக்கிறது?"

அன்று முழுவதும் வீடு கடைப் பாண் ரொட்டியில் கழிந்தது. அம்மா எழும்பவில்லை. எங்களைத் துரத்திவிடுவார்கள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். பொழுதுபடும் நேரம் பெரியம்மா வந்து கதவைச் சாத்தினார். "என்ர பிள்ளையும் இரவிலை சொறியிறாள். கனநாளா," என்றார் மெதுவாக.

"தெரியும் அக்கா. அவளின்ர உடுப்பையும் நான்தானே தோய்க்கிறனான்."

அடுத்த நாள் எல்லோரும் குடித்தார்கள். விழுங்கச் சொன்ன குளிசையைப் பெரியப்பா சந்தேகத்தில் கடித்துவிட்டு, ஊதா உதடுகளோடு கந்தோருக்குப் போனார். டொக்டர் சொன்ன நாள் வரைக்கும் யாரும் தவறவிடவில்லை. அதன் பிறகு எனக்கு அரிப்பு வரவே இல்லை. பெரியம்மாவின் மகள் பாயை இழுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே படுக்க வந்தாள். ஆனால், தெரியாமல் பேசிவிட்டேன் என்று பெரியம்மா ஒருநாளும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் போய் அம்மா அப்பாவிடம் கேட்டார்: "கொட்டாஞ்சேனைப் பக்கம் சின்னதா ஒரு வீடு பாப்பமே?"

அப்பா சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். பிறகு, "அண்ணை என்ன நினைப்பார்?" என்றார்.

முன்பக்கத்திலிருந்து பெரியப்பா தேத்தண்ணி கேட்டார். அம்மா எழும்பிப் போனார். நான் கலியாணம் செய்து அந்த வீட்டைவிட்டுப் போகும் வரைக்கும், அந்தக் கேள்வியை அவர் இன்னொரு தடவை கேட்டு நான் அறியேன்.