ஸ்தமென்காவின் கைப்பேசியில் இருந்தவர்கள்

ஸ்தமென்காவின் கைப்பேசியில் பெண்களின் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எல்லாம் குழந்தைகளின் பெயர். பக்கத்தில் பிறந்த எடை. லுகா 3200. இரட்டையர் 2100, 2250. துன்யா 2870. தாயின் குடும்பப் பெயர் கல்யாணத்தில் மாறும், விவாகரத்தில் மறுபடியும் மாறும், பிறந்த எடை மாறாது என்பது அவள் கணக்கு.

தெற்குச் செர்பியாவின் அந்த ஆற்றங்கரை ஊரில் இருபத்தெட்டு வருடங்களாக வீடு தேடிப் போகும் செவிலி அவள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணை ஐந்து முறை போய்ப் பார்க்க வேண்டும். குழந்தையை எடை போட்டு, தொப்புளைப் பார்த்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் நாற்பது நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணுக்கு, மாமியார் காதில் போட முடியாததைப் போட ஒரு காது தேவைப்படுகிறது. ஐந்து முறை முடிந்த பிறகும் பெண்கள் அவளுக்கு எழுதினார்கள். பால் கட்டிய மார்பைப் படம் எடுத்து அனுப்பினார்கள். புருஷன் கை பட்டாலே உடம்பு கூசுகிறது, இது சரியாகுமா என்று கேட்டார்கள். "வெந்நீர் ஒத்தடம் குடு. நாளைக்கு வரேன்" என்கிற அளவில்தான் அவள் பதில்கள் இருந்தன. ஆறுதல் சொல்லும் திறமை அவளிடம் பெரிதாக இல்லை. கேட்டதை வெளியே சொல்லமாட்டாள், அதுதான் அவளிடம் இருந்தது. சின்னக் குணம். ஆனாலும் ஊரில் அதை வேறு யாரிடமும் எளிதில் பார்க்க முடியாது.

துன்யாவின் தாய் தியானா செப்டம்பரில் ஒரு காலை இப்படி எழுதினாள்: 'குழந்தையைத் தூக்கிக்கிட்டு சன்னல்கிட்ட நின்னேன். கையை விட்டுடுவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.' ஸ்தமென்கா அன்று மற்ற வீடுகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு அங்கே போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். மருத்துவரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஆறு வாரத்தில் தியானா தேறிவிட்டாள். தேறியதும் அவள் செய்த முதல் காரியம், புருஷனை விட்டுப் பிரிந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் தாயின் வீட்டுக்குக் குழந்தையோடு போனதுதான். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று ஜனவரியில் நீதிமன்றம் தீர்மானிக்கும். புருஷனின் அண்ணன் ஊர்க் காவல் நிலையத்தில், மேல்மாடியில் வேலை பார்க்கிறான்.

அதற்கிடையில், அக்டோபரில், பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பூங்காவின் மரங்களை வெட்டி வண்டி நிறுத்தும் இடம் கட்டப்போவதாக நகராட்சி அறிவித்தது. தள்ளுவண்டியோடு தாய்மார்கள் உட்கார ஊரில் வேறு நிழல் இல்லை. ஸ்தமென்கா தலைவி ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்க் தேநீரோடு நான்கு மாலைகள் மரங்களுக்கு முன்னால் நின்றாள், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்கு நடுநாயகமாக இருந்தவர் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் ஸ்லாதோயே. அவர் வீட்டில் பேச உட்காரும் முன் எல்லோரும் கைப்பேசியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அந்த ஊரில் அப்போது அது செருப்பைக் கழற்றுவது போன்ற ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது.

"மிளகாய்த் தொக்குக்குப் பின்னால வை, ஸ்தமென்கா. மீன்கிட்ட வைக்காத, நாறும்."

"வாத்தியாரே, என் போனுக்குச் சளி பிடிக்கப்போகுது."

"பிடிக்கட்டும். ஒட்டுக்கேக்கறவன் காதுல போய்த் தும்மட்டும்."

"என்கிட்ட ஒளிச்சுவைக்க என்ன இருக்கு? பால் கட்டின கதையா? கேட்டா அவனுக்கே பால் கட்டிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. விசாரணை என்று சொல்லமாட்டார்கள். தகவலுக்காக ஒரு பேச்சு என்பார்கள். வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தவன் ரேல்யா. அவள் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய பையன், இப்போது இருபத்தாறு வயது. ஞானத்தாயைக் கூப்பிடுகிற முறையில் அவளை அவன் 'குமா' என்றுதான் கூப்பிடுவான். குமா கேட்டு இல்லை என்று சொல்வதும், குமாவிடம் கேட்டு இல்லை என்ற பதில் வாங்குவதும் அங்கே நடக்காத காரியம். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள், இந்த உறவில் கீறல் விழாது.

"போனை உள்ள கொண்டுபோகக் கூடாது, குமா. என்கிட்ட குடுங்க, பத்திரமா வச்சிருக்கேன்."

"பார்த்துக்கோ. துன்யா வீட்டுல இருந்து கூப்பிடுவாங்க, குழந்தைக்கு இருமல்."

"அப்ப போனைத் திறக்கற நம்பரையும் சொல்லிட்டுப் போங்க. கூப்பிட்டா எடுத்துச் சொல்லிடறேன்."

"மூணு நாலு அஞ்சு சைபர். நீ பொறந்தப்ப இருந்த எடைதான்டா, கழுதை."

அவன் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டான்.

உள்ளே நாற்பது நிமிடம். பிளாஸ்க் யாருடையது, தேநீரில் சர்க்கரை யார் போட்டது என்கிற மாதிரியான கேள்விகள். வெளியே வந்து கைப்பேசியை வாங்கியபோது அது சூடாக இருந்தது. குழந்தையின் நெற்றியைத் தொட்டே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுகிற கை அது. எண்பதில் இருந்த சார்ஜ் முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது.

ஸ்லாதோயேவின் பழைய மாணவி ஒருத்தி தலைநகரில் இப்படிப்பட்ட கைப்பேசிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். அனுப்பிவைத்தார்கள். நவம்பர் கடைசியில் அவள் வாத்தியார் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து ஸ்தமென்காவிடம் பேசினாள்.

"அக்கா, நீங்க போனைக் குடுத்த அன்னிக்குப் பத்து இருபத்தஞ்சுக்கு உள்ள ஒரு உளவுச் செயலியை வச்சிருக்காங்க. செய்தி, படம் எல்லாத்தையும் எடுத்து வெளிய அனுப்பியிருக்கு. நீங்க பேசாதப்பக்கூட அவங்க மைக்கைத் திறந்து கேக்கலாம்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான் அக்கா."

ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் என்று அவள் சொன்னது பொய்யில்லை. அவளுடையது என்று அதில் ஒரு மின்கட்டண நினைவூட்டலும் அக்காள் மகளின் கல்யாணப் படங்களும்தான் இருந்தன. மற்றதெல்லாம் இருநூற்றுப் பதினான்கு பெண்கள் அவளிடம் விட்டுவைத்தவை. தன்னிடம் ரகசியம் இல்லை என்பதால் தான் திறந்து கிடக்கலாம் என்று ஒரு மனிதர் நினைப்பதில் ஒரு தவறு இருக்கிறது: அவருக்குள் வேறு பலரும் குடியிருக்கிறார்கள். இதை அவள் இந்த வார்த்தைகளில் யோசிக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியில் நாறும் மீனுக்குத் தள்ளிக் கைப்பேசியை வைத்துவிட்டு, பிறகு அதே கையால் அதை மேசையில் கொடுத்ததை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

சுகாதார நிலையத்தில் தலைமைச் செவிலியிடம் சொன்னாள். கேட்டவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லாத, ஸ்தமென்கா. சொன்னா நாளையில இருந்து ஒருத்தி கதவு திறக்க மாட்டா. தடுப்பூசிக்குக்கூட வரமாட்டாளுங்க. தெரியாத வரைக்கும் அவளுங்களுக்கு நிம்மதி."

"தியானாவுக்கு ஜனவரியில கேஸு."

"அவங்களுக்கு வேண்டியது மரத்தைப் பத்தின சேதி. இதையெல்லாம் எவன் உக்காந்து படிக்கப்போறான்?"

ஸ்தமென்கா அதை நம்ப விரும்பினாள். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எந்தக் குணத்துக்காக ஊர் அவளை மதித்ததோ அதே குணம்தான். இந்தத் தடவை அது வேறு எதற்கோ பயன்பட்டது.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலாஸ் நாள், அவள் வீட்டுக் குலப் புனிதரின் திருநாள். அந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் வருவார்கள், வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. விரத காலம், மீன்தான் சமையல். மத்தியானம், மற்றவர்கள் கிளம்பிய பிறகு ரேல்யா வந்தான். இனிப்பிட்டு வேகவைத்த கோதுமையை அவள் நீட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தான். காப்பி வைத்தாள்.

"மெலிஞ்சிட்டீங்க, குமா."

"உன் போனைக் குடு."

"எதுக்கு?"

"நாற்பது நிமிஷம் நான் வச்சிருக்கேன். பத்திரமா இருக்கும். நம்பரையும் சொல்லு, யாராச்சும் கூப்பிட்டா எடுத்துப் பேசறேன்."

அவன் கை சட்டைப்பையை மூடியது. யோசித்துச் செய்ததல்ல, தானாகவே போய் மூடிக்கொண்டது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"மேல இருந்து சொன்னாங்க, குமா. எடுத்துக் குடுன்னாங்க, குடுத்தேன். என்ன பண்ணுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேலை போனா வேற என்ன இருக்கு இந்த ஊர்ல?"

"படிச்சாங்களா?"

"மரத்தைப் பத்தி இருந்ததை மட்டும்தான் எடுத்தாங்க. சன்னல் அது இதுன்னு இருந்ததையெல்லாம் தனியா வச்சிட்டாங்க."

சன்னலைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"தனியான்னா எங்க?"

அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"தியானா புருஷனோட அண்ணன் கையிலயாடா?"

"என்கிட்ட கேக்காதீங்க, குமா."

தட்டில் மீன் வைத்தாள். திருநாளில் வந்தவன், சாப்பிட்டுத்தான் போக வேண்டும். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். அவள் அவன் அழுகையைத் துடைக்கவும் இல்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனாள். கைப்பேசி இல்லை, எடைத்தராசு மட்டும். தியானா கதவைத் திறந்ததும், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: மேசை, எண், நாற்பது நிமிடம், மூன்று வாரம் சொல்லாமல் இருந்தது, தனியாக எடுத்துவைத்தது.

தியானா கதவைச் சாத்தினாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எழுதியிருந்தேனே" என்றாள்.

"எழுதியிருந்த."

"உங்க ஞானப்புள்ளைகிட்ட கொஞ்சிக்கிட்டு நம்பரைக் குடுத்தீங்க. அவன் எடையாம்! எம் பொண்ணை எடுத்துக்குடுத்துட்டீங்க, தெரியுதா?"

"தெரியுது."

"மன்னிப்புக் கேப்பீங்கன்னு பார்த்தேன்."

"கேட்டா நீ ஏதாவது பதில் சொல்லணும். அந்தப் பாரமும் உனக்கு எதுக்கு? ஜனவரிக்கு என்ன செய்யலாம்னு யோசி. நாளைக்கு அவங்க வக்கீல் அந்தச் சன்னலை எடுத்து நீட்டுவான். அவன் முதல்ல நீட்டினா அது அவனோட சன்னல். அன்னிக்கு நான் சாயங்காலம் வரைக்கும் உன்கூட இருந்தேன், டாக்டர்கிட்ட போனோம், மாத்திரை சாப்பிட்ட, தேறின, புள்ளை எடை ஏறிச்சு. தேதியோட எழுதி வச்சிருக்கேன். காகிதத்துல."

தியானா சன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே ஆறு. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. இளகிவிட்டது என்று சொல்ல முடியாது.

"இன்னிக்கே என் வக்கீல்கிட்ட நானே சொல்றேன். முதல்ல என் வாயில இருந்து வரட்டும். நீங்க கோர்ட்டுக்கு வருவீங்களா?"

"வருவேன்."

"எப்படி வெளிய போச்சுன்னு கேப்பாங்க. ரேல்யா பேரைச் சொல்லுவீங்களா?"

ஸ்தமென்காவுக்கு ரேல்யாவின் எடை நினைவுக்கு வந்தது. மூன்று கிலோ நானூற்றைம்பது. ஞானஸ்நானத்தில் முழுக்காட்டி எடுத்தபோது அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றவன்.

"சொல்லுவேன்" என்றாள்.

தியானா உள்ளே போய்க் குழந்தையின் துணிகளைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்தமென்கா தராசின் மேல் துணி விரித்து, முள்ளைச் சரி பார்த்து, குழந்தையை வாங்கிக் கிடத்தினாள். ஐந்து கிலோ தொள்ளாயிரத்து நாற்பது. பென்சிலால் எழுதினாள். போய்ச் சொல்ல இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று வீடுகள் இருந்தன; அடுத்தது இதே தெருவில்தான்.