பியர் மட்டைக்குள் மூன்று வெடி: சவர்லாண்ட் சுடுதளத்தில் ஒரு சனிக்கிழமை

மதிப்பிற்குரிய வாசகர்களுக்கு என் பணிவான வணக்கம். மான் வேட்டைக்குப் புதுத் துவக்கை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்று ஹனோவரிலிருந்து ஒரு சகோதரி கேட்டு எழுதி இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. தாமதத்திற்கு மன்னிப்புக் கோருகின்றேன். அவருக்கான மறுமொழியாக, 1993 மே மாதத்தில் நான் மேற்கொண்ட பயணத்தை இங்கே பதிவு செய்கின்றேன்.

அப்போது நான் கெல்சென்கிர்ச்சனில் திரைச்சீலை தைக்கும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். வேட்டைப் பரீட்சைக்கு நூலகப் புத்தகங்களையும் அகராதியையும் மட்டுமே துணைகொண்டு படித்து, இரண்டாம் முறையில் சித்தியடைந்தேன். சவர்லாண்ட் காடொன்றின் வேட்டைக் குத்தகைக்காரர், பருவம் தொடங்கும் ஞாயிறு விடியலில் ஓர் ஆண் மானைச் சுட எனக்கு அனுமதி அளித்தார். நிபந்தனை ஒன்றுதான்: நூறு மீற்றரில் மூன்று வெடிகள் பியர்க் கிளாசின் கீழ் வைக்கும் மட்டையின் அளவுக்குள் அடங்க வேண்டும். சுடுதள முத்திரை இட்ட இலக்குத் தாளைச் சனிக்கிழமைக்குள் காட்டாவிட்டால், இடம் வேறொருவருக்குப் போய்விடும். எனக்கு வந்திருந்த ஒரே அழைப்பு அது.

காலை 7.40க்குப் புறப்பட்டோம். கார், கணவரின் நண்பரான அன்ரன் அண்ணையுடையது. வாகனம் திருத்தும் பட்டறையில் வேலை செய்பவர். தூரம் 94 கிலோமீற்றர், போய்வரப் பெற்றோல் 21 மார்க்.

"பிள்ளை, பொலிஸ் மறிச்சால் நான் என்ன சொல்லுறது?"

"வேட்டைப் பத்திரம் கிடக்கு எண்டு சொல்லுங்கோ அண்ணை. துவக்கு பூட்டின பெட்டியில, தோட்டா வேற பையில. எல்லாம் சட்டப்படி."

"ஓம், ஓம். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனான். இப்ப துவக்குக்கே டிரைவர்!"

ஒன்பது மணிக்குச் சேர்ந்தோம். பருவத்துக்கு முந்திய நாள் என்பதால் வரிசை நீண்டிருந்தது. என் முறை வரும்போது 10.45. மூடும் நேரமோ ஒரு மணி. கட்டணம் 12 மார்க். இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டி 42 மார்க்.

முதல் வெடி மேலே போயிற்று. துவக்கின் மேல் பூட்டியிருந்த, குறிபார்க்கும் தொலைநோக்கியின் குமிழைத் திருப்பினேன். அடுத்தது இடப்பக்கம், மீண்டும் திருப்பினேன். இவ்வாறே பதினொரு தோட்டாக்கள் தீர்ந்தன. தாளில் அம்மை போட்டது போல் எங்கெங்கோ துளைகள். பக்கத்து மேசைக்காரர் தம் தாளை மடித்தபடி சிரித்தது இன்னமும் நினைவிருக்கிறது.

சுடுதளப் பொறுப்பாளர் என் வயதொத்த பெண்மணி. அருகே வந்து, "தொலைநோக்கியைப் பூட்டியது யார்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"நானே. சமையலறை மேசையில்."

"திருகுகளுக்கு எண்ணெய் போட்டீர்களா?"

"ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி," என்றேன், சற்றுப் பெருமையாகவே. தையல் இயந்திரத்துக்கு வெள்ளிதோறும் அப்படித்தானே செய்கின்றேன்!

அவர் நகத்தால் ஒரு திருகைத் தள்ளினார். எண்ணெயில் வழுக்கி அது சுழன்றது. சுடும்போது துவக்கு பின்னோக்கி உதைக்கும் ஒவ்வொரு முறையும் தொலைநோக்கி நகர்ந்திருக்கிறது. நானோ நகரும் பொருளைத் திருத்திக்கொண்டிருந்திருக்கின்றேன். எண்ணெயைத் துடைக்க ஏதேனும் உண்டா என்று கேட்டார்.

காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே இருந்த அன்ரன் அண்ணையிடம் ஓடினேன். "பிறேக் கழுவுற ஸ்பிறே டிக்கியில கிடக்கு," என்றவர், அதை எடுத்துக்கொண்டு தாமே வந்தார். "அங்க வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில படுக்கிறனாங்கள். இங்க நீர் இதுக்குக் காசு குடுக்கிறீர்!"

திருகுகளைக் கழற்றி, கழுவி, காயவைத்து, ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினோம். துவக்கின் பின்புறத்தில் குழலை அடைக்கும் பூட்டை வெளியே எடுத்து, வெறும் குழலின் ஊடாக இலக்கைப் பார்த்து, தொலைநோக்கியையும் அதே புள்ளிக்கு நேர்ப்படுத்தினோம். 12.20க்கு மூன்று வெடிகள், குமிழைத் தொடாமல். மூன்றும் நெருக்கமாக, ஆனால் கீழே இடப்பக்கம் விழுந்தன. நடுப்புள்ளியை அளந்தோம். என் தொலைநோக்கியின் குமிழை ஒரு சொடுக்குத் திருப்பினால், நூறு மீற்றரில் வெடி ஒரு சென்ரிமீற்றர் நகரும். மேலே பன்னிரண்டு சொடுக்கு, வலப்பக்கம் ஏழு திருப்பினேன். குழல் ஆறுவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த செபங்கள் யாவும் தீர்ந்துவிட்டன.

12.45க்கு இறுதி மூன்று. பொறுப்பாளர் தாளைக் கொணர்ந்து மட்டையை வைத்தார். மூன்று துளைகளும் அதன் கீழ் மறைந்தன. முத்திரை விழுந்த சத்தம் கேட்டபோதுதான் காலையிலிருந்து முழுமூச்சு விடவில்லை என்பது தெரிந்தது.

அன்ரன் அண்ணை தாளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மூண்டு தோட்டா மிச்சம். நாளைக்கு எத்தினை மணிக்குப் பிள்ளை வெளிக்கிட வேணும்?"

"ரெண்டு மணிக்கு அண்ணை, விடியப்புறம்."

"சரி, வாறன். சத்தம் போடுறது நீர் மட்டும்தானே?"

சகோதரிக்கு என் அறிவுரை: பருவத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகச் செல்லுங்கள். திருகுகளை உலர்வாகப் பூட்டுங்கள். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். மூன்று வெடிகளுக்கு முன் குமிழைத் தொடாதீர்கள். வரும் மாதம் முதற் சனிக்கிழமைக்குச் சுடுதளத்தில் இரண்டு இடங்கள் பதிந்துள்ளேன், ஒன்று உங்களுக்கு. வருவீர்களா இல்லையா என்று தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.