அக்கா வளர்த்த கல்

நேற்று, நான் வேலை செய்யும் பிரிக்ஃபீல்ட்ஸ் பியூட்டி பார்லரில் ஓர் ஆன்டிக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் தலைக்குச் சாயம் போட்டபடி உட்கார்ந்திருந்த தோழியிடம் அவர் சொன்னார்: "என் மவ ஃபிசிக்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ணப் போறாளாம். அத படிச்சா என்ன வேல கெடைக்கும்னே தெரியல லா."

எனக்குப் பதில் தெரியும். ஆனால் புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனை பல்லுக்குள் இருக்கும், வாயைத் திறக்க முடியாது. இந்தத் தொழிலில் பாதி நாள் இப்படித்தான். எல்லாரும் நம் முகத்துக்கு நேரே பேசுவார்கள், நாம் நூலைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டும். அவர் நெற்றியில் நான் தட்டியிருந்த பவுடர் காற்றாடியில் பறந்து என் மூக்கில் ஏறியது. வெள்ளையாக, மாவு மாதிரி. அக்கா தன் ஆராய்ச்சி உப்பை ஸ்பூனால் எடுக்கும்போதும் இப்படித்தான் பறக்கும்.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சயின்ஸில் எடுத்த மார்க்கைச் சொன்னால் இதை மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய மூளை முழுவதையும் அக்காவே எடுத்துக்கொண்டாள் என்று அம்மா சொல்வார். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் ஃபிசிக்ஸில் மாஸ்டர்ஸ் படித்தவள் அவள் ஒருத்திதான். எங்கள் சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டதால் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமாதான், வீட்டுக்குப் பெரியவர்.

அக்காவின் வேலை கல் வளர்ப்பது. முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். செடி வளர்ப்பார்கள், நாய் வளர்ப்பார்கள், கல்லை யார் வளர்ப்பார்? ஒரு வகை உப்பைத் தண்ணீரில் கரைத்து, குட்டிக் கல் ஒன்றை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, மேலே தாள் மூடி ஊசியால் ஓட்டை போட்டு விட்டுவிடுவாள். தண்ணீர் மெல்ல மெல்லக் காற்றில் போகும், கல் பெரிதாகும். வாரக்கணக்கில் ஆகும். அசைக்கக் கூடாது, சூடு ஏறக் கூடாது. பிறகு அந்தக் கல்லுக்குள் லேசர் வெளிச்சத்தை விட்டுப் பார்ப்பார்கள். கட்டுவதற்கு என் பார்லர் நூலைக் கொடுத்தேன். "ஒன் நூலு வேணாம் டி, பஞ்சு நூலுல கண்ட கண்ட கல்லு ஒட்டிக்கும்" என்று நைலான் நூலை எடுத்தாள். அதில்கூட நான் ஃபெயில்.

தீபாவளி லீவுக்கு யுனிவர்சிட்டியில் ஏர்கோனை நிறுத்திவிடுவார்கள். லேபுக்குள் சூடு ஏறினால் கல் கலங்கிப் போகும். அதனால் இருந்ததிலேயே நன்றாக வளர்ந்திருந்த ஒன்றைக் குவளையோடு மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரை வந்தாள். யாரும் இடித்துவிடாமல் நான் முழங்கையை விரித்துப் பக்கத்தில் நின்றேன். மந்திரிக்குக்கூட அப்படிக் காவல் இருந்திருக்காது.

வீட்டில் அதை எங்கே வைப்பது? பிரிஜ் மேல் வைத்தால் அதிரும், அடுப்படியில் சூடு. யாரும் கை வைக்காத ஒரே இடம் சாமி மேடை.

"சாமிகிட்ட கெமிக்கல் வைக்கலாமா?" என்றார் அம்மா.

"உரத்துல போடுற உப்புதான் மா. சாமி ஒன்னும் சொல்லாது."

தீபாவளி அன்று காலை மாமாவும் அத்தையும் பிள்ளைகளோடு வந்தார்கள். அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் நானும் முறுக்கு எடுக்க அடுப்படிக்குப் போனோம். அத்தை சாமி கும்பிடப் போனார். சாமி மேடை, மூடி வைத்த தண்ணீர், அதற்குள் நூலில் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. நம் ஆளுக்கு வேறு என்ன தோன்றும்? தண்ணீர் தீர்த்தம், கட்டி கற்கண்டு. நான் திரும்பி வரும்போது அத்தை தண்ணீரை எல்லார் தலையிலும் தெளித்து முடித்து, கல்லை அம்மியில் வைத்துத் தட்டிப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தக் கோயில் பிரசாதம் இது? ராமேஸ்வரமா? உப்புக் கரிக்குதே."

ஈரத் தலையோடு அக்கா வந்து நின்றாள். கத்தவில்லை. "யாராச்சும் முழுங்கிட்டீங்களா?" என்றாள் முதலில். பிள்ளைகளைச் சிங்க்கிற்குக் கூட்டிப்போய் ஒவ்வொருத்தராகத் துப்ப வைத்தாள், தண்ணீர் குடிக்க வைத்தாள், பயமில்லை என்றாள். அதற்கப்புறம்தான் அம்மி முன்னால் உட்கார்ந்து தூளைப் பார்த்து அழுதாள்.

"ஒரு கல்கண்டுக்கு இவ்ளோ அழுகையா?" என்றார் அத்தை. "பாசார்ல கிலோ கணக்குல கெடைக்குது, நா வாங்கித் தரேன்."

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கல்லு வளக்கப் படிச்சா என்ன வேல குடுப்பாங்க மா? கல்லு ஒடைக்கிற எடத்துலயா?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். அதுதான் அவள். யார் கேட்டாலும் சொல்வாள். "கம்ப்யூட்டர் சிப்பு செய்ற பேக்டரில எடுப்பாங்க மாமா. யுனில லெக்சரர் ஆகலாம். ஆஸ்பத்திரில கேன்சருக்கு கரண்டு வைக்கிறாங்கல்ல, எவ்ளோ வைக்கணும்னு கணக்கு போடுறது ஃபிசிக்ஸ் படிச்சவங்கதான். அதுக்குத் தனியா இன்னும் கொஞ்சம் படிக்கணும்."

"அப்ப டாக்டர் என்ன பண்றாரு, டீ குடிக்கிறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், மாமா நன்றாகத்தான் பேசுவார்.

லீவு முடிந்து அக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த கல் விரிசல் விட்டது, அதற்கடுத்தது கலங்கியது. முடிய வேண்டிய படிப்பு இன்னொரு செமஸ்டர் இழுத்தது. உதவிப்பணம் நின்றதும் டியூஷன் எடுக்கப் போனாள். சாயந்திரம் சுங்கை வே, பிறகு பூச்சோங், மோட்டார் சைக்கிளில் ஓடுவாள். இடையில் வேலைக்கும் எழுதிப் போட்டாள். ஒரு பேக்டரியில் படிப்பு கூடுதல் என்றார்கள், ஒன்றில் சீனம் பேச வருமா என்றார்கள், இன்னொன்றில் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். கல்லைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

ஒருவழியாக ஒரு கல் தேறி, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். உட்கார வைத்துக் கேள்வி கேட்பது மட்டும் பாக்கி. அதற்கு முந்தின வாரம், மழையில், பூச்சோங்கிலிருந்து வரும்போது லோரிக்காரன் பார்க்கவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

அத்தை மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். பொய். அந்தக் கல் இருந்திருந்தால் அக்கா ஒரு செமஸ்டர் முன்னாலேயே முடித்திருப்பாள், அந்த மழையில் அந்த ரோட்டில் இருந்திருக்க மாட்டாள். ராத்திரி பகல் இதே கணக்குத்தான் எனக்கு. வேறு கணக்கு வராது.

பதினாறாம் நாள் அழைப்பு அடிக்க மாமா கிளம்பினார். "பேருக்குப் பின்னால என்ன போட? மாஸ்டர்ஸ் முடிச்சிட்டாளா?"

"புக்கு குடுத்துட்டா மாமா. கேள்வி கேக்குறதுதான் பாக்கி."

"அப்ப முடிக்கல."

"போடுங்கண்ணே" என்றார் அம்மா. "அவ படிச்சா. நா பாத்தேன்."

"நாளைக்கு யாராச்சும் கேட்டா? செத்த புள்ள பேர்ல பொய் போடக் கூடாது மா."

பி.எஸ்சி. என்று மட்டும் அச்சாகி வந்தது. பதினாறாம் நாள் பந்தியில் வந்தவர்களிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார், "எங்க புள்ள ஃபிசிக்ஸ்ல மாஸ்டர்ஸ். லேசுப்பட்ட படிப்புன்னா நெனச்சீங்க? கல்லு வளத்தவ." சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அன்றைக்கு என் பல்லில் நூல் இல்லை. இருந்தும் அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போனேன்.

எல்லாம் முடிந்தபின் அவளுடைய மேற்பார்வையாளர், ஒரு மலாய்க்கார அம்மா, போன் செய்தார். லேபில் அவள் மேசையை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமாம், சாமான்களை எடுத்துப்போகச் சொன்னார். அழுதார். தேர்வாளர்கள் இரண்டு பேரும் ஆய்வேட்டை முழுக்கப் படித்துக் கேள்விகளை எழுதி வைத்திருந்தார்களாம், கஷ்டமான கேள்விகளாம். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குப் புரியாது. புரிந்து பதில் சொல்லக்கூடிய ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள்.