சூசை அண்ணையின் படகும் ஐந்தாவது வளையமும்

கிரீஸ் வாசனையும், சங்கிலி இரும்பில் உரசும் அந்தக் கிறீச் சத்தமும்... கியூபெக்கில், செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுப் பின் ஒழுங்கையில் அந்த ஒரு கோடை முழுக்க இவைதான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. மேல்மாடியில் சூசை அண்ணை குடும்பம், கீழே நான். மன்னார்க் கடலில் இருபது வருசம் தொழில் செய்த மனிதர், இங்கே டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கிச்சினில் தட்டுக் கழுவினார். ஏழு வருசம் ஓவர்டைம் செய்துதான் அந்தப் பழைய ஃபைபர் படகை ட்ரெய்லரோடு வாங்கினார். இருபது அடி நீளம். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

தன் பழைய வான் வண்டியில் அதைக் கொழுவிய முதல் நாளே வண்டியின் பின்பக்கம் குந்திவிட்டது. முன் லைட் இரண்டும் மரத்தைப் பார்த்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தால் முன் சில்லு நிலத்தில் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போடுங்கோ" என்று யாரோ சொன்னார்கள்.

அந்த ஹிட்ச் விற்ற கடைக்காரர் கியூபெக்காரர். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு பொஞ்சூரும் மெர்சியும்தான். ஆகவே மொழிபெயர்க்க நான் போனேன்.

இரண்டு தடித்த இரும்புக் கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சங்கிலி. கம்பி வளையும்படி சங்கிலியை இழுத்து ட்ரெய்லரில் மாட்டினால், வானின் பின்பக்கத்தை அமுக்கும் பாரத்தில் ஒரு பங்கு முன் சில்லுகளுக்குப் போய்விடும். வான் நேராக நிற்கும்.

அந்த மனிதர் அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். படகுக்குள் சாமான் வைத்தால் முன்பக்கமாக வையுங்கள். வைத்த பிறகு மறுபடியும் பாருங்கள். சங்கிலி வழக்கத்தைவிட லேசாக மாட்டினால் படகின் பின்பக்கம் பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம், அப்படியே ரோட்டில் ஏறாதீர்கள், ட்ரெய்லர் வாலை ஆட்டும், இந்தக் கம்பி உங்களைக் காப்பாற்றாது... எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"என்னவாம்?" என்று கேட்டார் அண்ணை.

"ஒண்டுமில்லை அண்ணை. அஞ்சாவது வளையத்தில கொழுவினாச் சரியாம்."

அரைமணி நேரப் பேச்சு, ஒரே வரியில் முடிந்தது.

ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்று. பூசை முடிந்ததும் ஃபாதர் கோயில் வளவில் வந்து படகுக்குத் தீர்த்தம் தெளித்தார். அன்றைக்கே ஏரிக்கரையில் பங்கு மக்களின் பிக்னிக். எங்கள் ஆட்களுக்கு வெறுமையாய்ப் போகிற வண்டி ஒன்று கண்ணில் பட்டால் விடுவார்களா? புரியாணிக் கிடாரம், ஐஸ்பெட்டிகள், கரிமூட்டை, தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள்... எல்லாம் படகில் ஏறின.

அண்ணை படகின் நடுவில் நின்று கட்டளையிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளுங்கோ. முன்பக்கம் எழும்பி நிண்டாத்தான் படகு சொல்வழி கேக்கும்."

கடலில் அது சரி. ரோட்டுக்கு வேறு கணக்கு என்று அந்த வளவில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சங்கிலி மாட்டும்போதுதான் வந்தது. வழக்கமாக இரண்டு பேர் நெம்பும் இரும்புக் குழாயைப் பிடித்துத் தொங்கி இழுத்தால்தான் ஐந்தாவது வளையம் கொக்கியில் ஏறும். அன்றைக்கு நான் தனியே, ஒரு கையால் மாட்டிவிட்டேன். கடைக்காரரின் முகம் ஒருமுறை வந்து போனது. கோயில் சனம் முழுக்கச் சுற்றி நின்றது. கிடாரத்தை இறக்குங்கள் என்று யாரிடம் சொல்வது? பிறகு ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டால்...

குழாயை வண்டிக்குள் போட்டுவிட்டு நானும் முன் சீட்டில் ஏறினேன்.

நாற்பதாம் இலக்க ஹைவேயில் ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் ஒருமுறை அசைந்தது. பிறகு கண்ணாடியில் படகு இந்தப் பக்கம் தெரிந்தது, அந்தப் பக்கம் தெரிந்தது. பின் சீட்டில் அண்ணையின் மகள் ஜெசிந்தா, அப்போது ஒன்பது வயது, காலையிலிருந்தே லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருந்தாள். "அப்பா" என்றாள். வண்டியோட்டிய அண்ணை பிரேக்கை மிதித்தார். ட்ரெய்லர், வண்டியோடு பிணைத்த கொக்கியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் புரண்டது.

வான் தப்பியது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. படகு மட்டும் நடுவால் பிளந்தது. புரியாணியும் ஐஸும் புல்லில் கொட்டிக் கிடந்தன.

அண்ணை ரோட்டோரம் குந்தியிருந்தார்.

"கடல்ல ஒருநாளும் கவிழ்க்கேல்லை. றோட்டில கவிட்டுப்போட்டன்."

அதற்குப் பிறகு அவர் படகு வாங்கவில்லை. பிக்னிக்குக்கும் வரவில்லை. "றோட்டில படகு கவிட்ட சூசை" என்று சனம் பகிடி பண்ணும்போது முதல் ஆளாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான் நான் வீடு மாறினேன். வாடகை கூடிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இப்போது வரும் வண்டிகளில் ட்ரெய்லர் ஆடினால் வண்டியே கண்டுபிடித்துத் தானாகப் பிரேக் போடுகிறது. பிரெஞ்சைத் தமிழாக்க ஃபோன் இருக்கிறது, அதற்கு வேலைக்கு நேரமாவதில்லை. அன்றைக்குப் பள்ளத்திலிருந்து நான் எடுத்துவந்த அந்த இரண்டு கம்பிகள் மட்டும் என் கராஜ் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. எறியவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

போன மாதம் அண்ணையை அடக்கம் செய்தோம். கோயில் மண்டபத்துச் சாப்பாட்டில் யாரோ அந்தப் பகிடியை எடுக்க, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "அப்பாக்குக் கடல் மட்டும்தான் தெரியும்" என்று ஜெசிந்தாவும் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்... அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை.

ஜெசிந்தா, நீ இதை வாசிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் அப்பா படகைக் கவிழ்க்கவில்லை. அன்றைக்குச் சங்கிலி லேசாக மாட்டியது. அதற்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.